விண்வெளியின் இயற்கை மின்னோட்டங்களும் விண்மீன் பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளியில் கோடிக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் தானாகவே ஓடுகிறது என்று தெரிந்தவுடன் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: அதைப் பிடித்துக்கொண்டு வேறொரு விண்மீனுக்குப் போக முடியாதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது கொஞ்சம் உதவும். வழியில் கலத்துக்குள் மின்சாரம் தர உதவும். போய்ச் சேரும் இடத்தில் நிற்பதற்கு வேறு எதையும்விட அதிகமாக உதவும். நடுவில் கலத்தை இழுத்துக்கொண்டு ஓட மட்டும் உதவாது. ஏன் அப்படி என்பதை ஒவ்வொரு கேள்வியாகப் பார்க்கலாம்.

வெற்றிடத்தில் மின்சாரம் எப்படி ஓடும்?

விண்வெளி முழு வெற்றிடம் இல்லை. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் சூரியக் காற்றில், பூமிக்கு அருகே ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 புரோட்டான்களும் அதே அளவு எலெக்ட்ரான்களும் இருக்கின்றன. அணுக்கள் உடைந்து இப்படி மின்னூட்டத் துகள்களாகத் திரியும் நிலையைத்தான் பிளாஸ்மா என்கிறோம். பிளாஸ்மா மிக நல்ல மின்கடத்தி. எலெக்ட்ரான்களும் மின்னூட்டமுள்ள அணுக்களான அயனிகளும் சற்றே வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தாலே அங்கே மின்னோட்டம் இருக்கிறது என்று பொருள்.

இதை முதலில் துணிந்து சொன்னவர்களில் முக்கியமானவர் நார்வேயின் கிறிஸ்டியன் பிர்க்லேண்ட். 1902-03இல் ஆர்க்டிக் பகுதிக்குக் குழுவோடு போய்த் துருவ ஒளியை ஆராய்ந்தார். காந்தமானிகளின் ஆட்டத்தை வைத்து, வானத்திலிருந்து காந்தப்புலக் கோடுகள் வழியாக மின்சாரம் இறங்கி மறுபடி மேலே ஏறுகிறது என்றார். வெற்றிடப் பெட்டிக்குள் ஒரு காந்த உருண்டையை வைத்து அதன் மேல் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சிச் செயற்கைத் துருவ ஒளியையும் உண்டாக்கிக் காட்டினார். சிட்னி சாப்மன் போன்ற பெரிய கணிதவியலாளர்கள் அதை ஏற்கவில்லை. மின்னோட்டம் எல்லாம் பூமியின் மேல் வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றுகிறது என்றார்கள். தரையில் இருந்தபடி யார் சொல்வது சரி என்று முடிவு செய்ய வழியும் இல்லை. 1960களிலும் 1970களிலும் செயற்கைக்கோள்கள் காந்தமானிகளோடு அந்த இடத்தைக் கடந்தபோதுதான் பிர்க்லேண்ட் சொன்னது சரி என்று உறுதியானது. அவர் 1917லேயே இறந்துவிட்டார். இன்று அந்த மின்னோட்டங்களுக்கு அவர் பெயர்தான்.

அவை எவ்வளவு பெரியவை?

பூமியின் துருவங்களுக்கு இறங்கும் பிர்க்லேண்ட் மின்னோட்டம் மொத்தத்தில் 10 லட்சம் ஆம்பியர் அளவு. காந்தப் புயல் நேரத்தில் பல மடங்கு கூடும். வியாழனுக்கும் அதன் நிலா அயோவுக்கும் இடையே ஓடுவது சில பத்து லட்சம் ஆம்பியர். சூரியனின் வடக்கு, தெற்கு காந்தப்புலங்கள் சந்திக்கும் இடத்தில், கோள்களின் எல்லையையும் தாண்டி விரிந்து கிடக்கும் மின்னோட்டத் தாள் ஒன்று இருக்கிறது. மடிப்பு மடிப்பாக அலையும் ஒரு பெரிய பாவாடை போன்ற வடிவம் அதற்கு. அதில் ஓடுவது சுமார் 300 கோடி ஆம்பியர். 3சி 303 என்ற தொலைதூர விண்மீன் மண்டலத்திலிருந்து பீறிடும் தாரையில் 1-க்குப் பின் 18 சுழியங்கள் போடும் அளவு ஆம்பியர் ஓடுவதாக 2011இல் கணித்தார்கள்.

எண்களைப் பார்த்து மலைத்துப் போவது இயல்பு. ஆனால் பயணத்துக்கு முக்கியமானது மொத்த ஆம்பியர் இல்லை, அது எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்பதுதான். சூரிய மின்னோட்டத் தாள் பூமியின் தூரத்தில் ஏறத்தாழ 10,000 கி.மீ. தடிமன் கொண்டது. அதில் 100 கி.மீ. நீளமும் 100 கி.மீ. அகலமும் உள்ள ஒரு சன்னல் வழியே பாய்வது மொத்தம் 1 ஆம்பியர் அளவுதான். 300 கோடி என்பது உண்மை. நம் கலம் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதும் உண்மை.

சூரிய மண்டலத்துக்கு வெளியே, விண்மீன்களுக்கு இடையில்?

அங்கே நேரில் போய் அளந்த கருவிகள் இரண்டுதான் உண்டு. நாசாவின் வாயேஜர் 1 கலம் 2012 ஆகஸ்ட் 25 அன்றும், வாயேஜர் 2 கலம் 2018 நவம்பர் 5 அன்றும் சூரியக் காற்றின் எல்லையைத் தாண்டின. வெளியே காந்தப்புலம் ஏறத்தாழ 0.5 நானோடெஸ்லா. நம் தலைக்கு மேலே தாழ்வான சுற்றுப்பாதையில் இருக்கும் பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் 60,000-இல் ஒரு பங்கு. 2013 வசந்த காலத்தில் வாயேஜர் 1 பிடித்த பிளாஸ்மா அதிர்வுகளிலிருந்து, அங்கே கன சென்டிமீட்டருக்கு 0.08 எலெக்ட்ரான் என்று தெரிந்தது.

காந்தப்புலம் தெரிந்தால் மின்னோட்டத்துக்கு ஓர் உச்சவரம்பு போட்டுவிடலாம், மின்னோட்டத்தையும் அது உண்டாக்கும் காந்தப்புலத்தையும் இணைக்கும் ஆம்பியர் விதி ஒன்றே போதும். அந்த 0.5 நானோடெஸ்லா புலம் முழுவதும் ஏதோ ஒரு தாளில் ஓடும் மின்னோட்டத்தால் உண்டானது என்று வைத்துக்கொண்டால்கூட, அந்தத் தாளின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 0.4 மில்லியாம்பியர்தான் வருகிறது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் அளவு அகலம் எடுத்தால் 6 கோடி ஆம்பியர்! இரண்டும் ஒரே கணக்குதான்.

ஆகவே விண்மீனிலிருந்து விண்மீனுக்கு இழுத்துக் கட்டிய மின்கம்பி மாதிரி ஏதாவது இருக்கும், அதன் மேல் ஏறிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. நம் அக்கம்பக்கத்தில் அப்படி அடர்த்தியான பாதை எதுவும் அளவீட்டில் தென்படவில்லை.

சரி, நீளமான கம்பியை நீட்டி அந்த மின்சாரத்தைக் கம்பிக்குள் ஓடவிட்டால் கலம் நகராதா?

மற்ற எல்லாப் பதில்களும் இந்தக் கேள்வியில்தான் தொங்குகின்றன. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பியின் மேல் விசை உண்டாகும். மின்மோட்டார் சுற்றுவதும் இதனால்தான். ஆனால் கம்பிக்குள் மின்சாரம் வர ஒரு மின்னழுத்தம் வேண்டும். பிளாஸ்மாவுக்குள் அது சுலபத்தில் கிடைக்காது, ஏனென்றால் பிளாஸ்மா அவ்வளவு நல்ல கடத்தி. எங்காவது மின்னழுத்தம் எழுந்தால் எலெக்ட்ரான்கள் ஓடிவந்து அதைச் சமன் செய்துவிடும். பிளாஸ்மாவோடு சேர்ந்தே நகரும் ஒருவர் அளந்தால் அங்கே மின்புலம் ஏறக்குறைய சுழியம். கம்பியை நீட்டி வைத்தாலும் மின்சாரம் கம்பிக்குள் வரவேண்டிய அவசியம் இல்லை. சுற்றிலும் அதைவிட அகலமான வழி இருக்கிறது.

ஆற்றில் சக்கரம் வைத்து மாவு அரைக்கலாம், சக்கரத்தின் அச்சு கரையில் நட்டிருந்தால். அதே சக்கரத்தை ஆற்றோடு மிதந்து போகும் படகில் வைத்தால் அது சுற்றாது. தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதில் ஒன்றும் இல்லை. சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் இடையே வேக வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விண்வெளி மின்சாரமும் அப்படியே. கலம் பிளாஸ்மாவுக்கும் அதன் காந்தப்புலத்துக்கும் குறுக்கே நகரும்போது கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. அந்த ஆற்றல் வருவது வேக வித்தியாசத்திலிருந்து. ஆற்றலை எடுத்தால் வேக வித்தியாசம் குறையும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வெளிவருகின்றன. பிளாஸ்மா நம்மைவிட வேகமாக ஓடினால் அது நம்மைத் தள்ளும். சூரியனுக்கு அருகே நிலைமை இது. நாம் பிளாஸ்மாவைவிட வேகமாக ஓடினால் அது நம்மைப் பிடித்து நிறுத்தும். விண்மீன்களுக்கு இடையே வேகமாகப் போகும் எந்தக் கலத்துக்கும் நிலைமை இதுதான்.

கலத்தையே ஒரு பெரிய காந்தமாக்கினால் விண்வெளிக் காந்தப்புலம் அதை இழுக்காதா?

இழுக்காது. சீரான காந்தப்புலம் ஒரு காந்தத்தைத் திருப்பிவிடும், திசைகாட்டி முள் திரும்புவது போல. இடம்பெயர்க்காது. இடம்பெயர்க்க வேண்டுமென்றால் புலம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறியாக வேண்டும். 1 கி.மீ. ஆரமுள்ள மீக்கடத்தி (மின்தடையே இல்லாத கடத்தி) வளையத்தில் 1 லட்சம் ஆம்பியர் ஓடவிடுவோம். புலம் ஓர் ஒளியாண்டுக்குள் முழுதாக மாறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். வரும் விசை ஒற்றைப் பாக்டீரியாவின் எடை அளவு.

கம்பி முறையை யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா?

பூமிக்கு அருகே செய்திருக்கிறார்கள், மிக அழகாகவே வேலை செய்தது. 1996 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து இத்தாலி செய்த ஒரு துணைக்கோளை 20 கி.மீ. கம்பியில் கட்டி மேல்நோக்கி விட்டார்கள். 19.7 கி.மீ. வரை கம்பி வெளியே வந்தபோது அதில் ஏறத்தாழ 3,500 வோல்ட் உண்டாகியிருந்தது. அப்புறம் காப்புறையில் இருந்த குறை வழியாக மின்பொறி பாய்ந்து கம்பி எரிந்து அறுந்தது. துணைக்கோள் தனியே போய்விட்டது. திட்டம் அரைகுறையாக முடிந்ததாகப் பலர் சொல்வார்கள். என் கண்ணுக்கு அது வெற்றி. கோட்பாடு எதிர்பார்த்ததைவிட அதிக மின்னோட்டத்தை அந்தக் கம்பி சுற்றியிருந்த பிளாஸ்மாவிலிருந்து சேகரித்தது.

அதே 20 கி.மீ. கம்பி, அதில் அதே 1 ஆம்பியர். பூமிக்கு அருகே விசை ஏறத்தாழ 0.6 நியூட்டன். வாயேஜர் இருக்கும் இடத்தில் 0.00001 நியூட்டன். பூமியில் கிடைத்த வெற்றியை விண்மீன் வெளிக்கு அப்படியே நீட்ட முடியாததற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

இயற்கை மின்னோட்டம் ஒரு கலத்தை உண்மையிலேயே தள்ளக்கூடிய இடம் எதுவும் இல்லையா?

இருக்கிறது, வியாழன். அதன் காந்தப்புலம் கோளோடு சேர்ந்து 10 மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது, பிளாஸ்மாவையும் இழுத்துக்கொண்டு. அயோ தன் பாதையில் வினாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போக, பிளாஸ்மா 74 கி.மீ. வேகத்தில் அதைப் பின்னாலிருந்து முந்திச் செல்கிறது. அந்த வித்தியாசத்தால் அயோவின் குறுக்கே ஏறத்தாழ 4 லட்சம் வோல்ட் எழுகிறது. 1979இல் வாயேஜர் 1 பக்கத்தில் போனபோது இந்த மின்சுற்றின் காந்தத் தடயத்தை நேரடியாகவே அளந்தது. அயோவிலிருந்து கிளம்பும் மின்சாரம் வியாழனின் வளிமண்டலத்தில் விழும் இடத்தில் துருவ ஒளிப் புள்ளி ஒன்று எரிவதைத் தொலைநோக்கியில் பார்க்கலாம்.

அந்த இடத்தில் நீளமான கம்பியோடு ஒரு கலம் இருந்தால், அதற்கு மின்சாரமும் கிடைக்கும், முன்னோக்கித் தள்ளும் விசையும் கிடைக்கும், இரண்டும் ஒரே நேரத்தில். விலை கொடுப்பது வியாழனின் சுழற்சி. எரிபொருள் இல்லாமல் வியாழனின் நிலாக்களைச் சுற்றிவர இது அருமையான வழி. விண்மீனுக்குப் போதுமா என்றால், போதாது. அங்கே கிடைக்கும் வேகங்கள் வினாடிக்குப் பத்துகளில் கி.மீ.; நமக்கு வேண்டியது ஆயிரங்களில்.

மின்பாய் என்கிறார்களே, அது என்ன?

பின்லாந்து வானிலை நிறுவனத்தின் பெக்கா யான்ஹுனென் 2004இல் முன்வைத்த யோசனை. கலத்திலிருந்து 20 கி.மீ. நீளமுள்ள மெல்லிய கம்பிகள் நூறு, சக்கர ஆரங்கள் போல விரியும். அவற்றை நேர்மின் பக்கம் 20,000 வோல்ட்டுக்கு ஏற்றினால், சூரியக் காற்றின் புரோட்டான்கள் கம்பியைச் சுற்றியுள்ள மின்புலத்தில் மோதி விலகிப்போகும். அவற்றின் உந்தம் கலத்துக்கு வரும். கம்பி தலைமுடியைவிட மெல்லியது; அது சமாளிக்கும் காற்றின் அகலமோ நூறு மீட்டருக்கும் மேல். பூமியின் தூரத்தில் ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 500 நானோநியூட்டன் கிடைக்கும் என்பது கணிப்பு. மொத்தம் 2,000 கி.மீ. கம்பிக்கு 1 நியூட்டன்.

சின்னக் கலமாக இருந்தால் இது வினாடிக்கு 100 கி.மீ. வரை கொண்டுபோகலாம். வாயேஜர் 1 போவது 17 கி.மீ. வேகத்தில். அந்த வேகத்தில் மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியின் 4.24 ஒளியாண்டு தூரத்தைக் கடக்க 75,000 ஆண்டு ஆகும். 100 கி.மீ. வேகத்தில் 12,700 ஆண்டு. பெரிய முன்னேற்றம்தான், ஆனாலும் இதைப் பயணம் என்று சொல்ல மனம் வரவில்லை. சூரியக் காற்றின் வேகத்தையே முழுதாகப் பிடித்தாலும், வினாடிக்கு 700 கி.மீ. என்று வைத்தால், 1,800 ஆண்டு.

காற்றைவிட வேகமாகப் போக வழியே இல்லையா?

உண்டு. அல்பட்ராஸ் என்ற கடற்பறவை இறக்கை அடிக்காமலே காற்றைவிட வேகமாகப் பறக்கும். வேகம் குறைந்த காற்றடுக்குக்கும் கூடிய அடுக்குக்கும் இடையே மாறி மாறிப் புகுந்து ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகத்தைச் சேர்த்துக்கொள்ளும். சூரியக் காற்றிலும் வேகமான பகுதியும் மெதுவான பகுதியும் உண்டு. வெளி எல்லைக்கு அருகே அது திடீரென வேகம் குறையும் அதிர்ச்சி முகப்பும் உண்டு. அங்கே பிளாஸ்மாவோடு மின்காந்த முறையில் உரசி, பக்கவாட்டு விசையை உண்டாக்கி, அதே வித்தையைச் செய்யலாம் என்று மாத்தியாஸ் லாருட்டுரு, ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ், ஜெஃப் கிரீசன் மூவரும் 2022இல் எழுதினார்கள். ஒளி வேகத்தில் 2 சதவீதம் வரை எட்டலாம் என்பது அவர்கள் கணக்கு. அப்படியானால் பிராக்சிமாவுக்கு 200 ஆண்டுக்குச் சற்று மேல்.

சூரிய மண்டலத்தின் சொந்த ஆற்றலை மட்டும் வைத்துக்கொண்டு நூற்றாண்டு அளவுக்கு இறங்கிவந்த கணக்கு என்பதால் இதை நான் மிகுந்த ஆவலோடு பார்க்கிறேன். ஆனால் பக்கவாட்டு விசையை அவ்வளவு குறைந்த உராய்வோடு உண்டாக்கும் கருவி இன்னும் ஆய்வகத்தில்கூட நிரூபிக்கப்படவில்லை.

போய்ச் சேர்ந்த பிறகு எப்படி நிற்பது?

விண்மீன் பயணத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் விஷயம் இதுதான். 1970களில் பிரிட்டிஷ் கோளிடைச் சங்கம் டீடலஸ் என்ற திட்டத்தை வகுத்தது: அணுப்பிணைவு ராக்கெட், ஒளி வேகத்தில் 12 சதவீதம், பர்னார்டு விண்மீன் நோக்கி. ஆனால் நிற்பதற்கு ஏற்பாடே இல்லை. அரை நூற்றாண்டு பயணம் செய்து, இலக்கைச் சில நாள்களில் கடந்து, இருட்டுக்குள் போய்விடும். 2016இல் அறிவிக்கப்பட்ட பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் திட்டத்தின் சிறு கலங்களும் அப்படித்தான் கடந்து போவதாக இருந்தது.

காரணம் கொடூரமானது. வேகமெடுக்க மட்டும் கலத்தின் எடையை 4.5 மடங்காக்கும் எரிபொருள் தேவைப்பட்டால், அதே எரிபொருளால் நிற்கவும் வேண்டுமானால் 4.5-ஐ 4.5-ஆல் பெருக்க வேண்டும். 20 மடங்கு.

விண்வெளிப் பிளாஸ்மா இங்கேதான் கைகொடுக்கிறது. ஒளி வேகத்தில் 5 சதவீதம், அதாவது வினாடிக்கு 15,000 கி.மீ. வேகத்தில் போகும் கலத்துக்கு, கன சென்டிமீட்டருக்கு 0.1 புரோட்டான் உள்ள வெளிகூடப் பலமான எதிர்காற்று. அந்த அழுத்தம் ஏறத்தாழ 38 நானோபாஸ்கல்; பூமியருகே சூரியக் காற்று தருவதைப் போல இருபது மடங்கு. மீக்கடத்தி வளையம் ஒன்றை விரித்து மின்சாரம் ஏற்றினால், அதைச் சுற்றி ஒரு காந்தக் குமிழி உருவாகும். எதிரே வரும் புரோட்டான்கள் குமிழியில் பட்டு விலகும்; குமிழியின் எல்லையில் பிளாஸ்மாவே தன் மின்னோட்டத்தை ஓடவிட்டுக் கலத்தைப் பின்னால் தள்ளும். பூமியின் காந்தக்கோளம், அதாவது பூமியைச் சூழ்ந்த காந்தப்புலப் பகுதி, சூரியக் காற்றை நிறுத்துவதும் இதே முறையில்தான்.

100 கி.மீ. ஆரமுள்ள வளையம், அதில் 50,000 ஆம்பியர், குமிழியின் ஆரமும் அதே அளவு என்று வைத்து நான் போட்ட தோராயக் கணக்கு இது. தடுக்கும் விசை சுமார் 1,200 நியூட்டன். வளையத்தின் எடை ஏறத்தாழ 20 டன். கலம் மொத்தம் 40 டன் என்று வைத்தால், வேகம் பாதியாகப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல், பத்தில் ஒரு பங்காக ஐம்பத்தைந்து ஆண்டுபோல. வேகம் குறையக் குறைய எதிரழுத்தமும் குறைவதால் குமிழி பெரிதாகிக்கொண்டே போகும். அதனால் தடுப்பு நாம் பயப்படுகிற அளவுக்குத் தேய்ந்துபோவதில்லை. கலம் இலக்குக்கு ஏறத்தாழ ஓர் ஒளியாண்டு முன்பே பிரேக் போடத் தொடங்க வேண்டும். ஒரு சொட்டு எரிபொருள் செலவில்லை. மிச்சமிருக்கும் வேகத்தை இலக்கு விண்மீனின் சொந்தக் காற்று பார்த்துக்கொள்ளும், கிட்டே போகப் போக அது அடர்த்தியாகும்.

இந்த யோசனை பிறந்த விதமும் சுவையானது. ராபர்ட் பஸ்ஸார்டு 1960இல், காந்தப்புலத்தால் விண்வெளி ஹைட்ரஜனை அள்ளி எரிபொருளாக்கும் ராக்கெட்டைப் பற்றி எழுதியிருந்தார். டானா ஆண்ட்ரூஸும் ராபர்ட் ஜுப்ரினும் 1980களில் அந்த அள்ளும் புலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, அது தரும் உந்துதலைவிட உராய்வு அதிகமாக வந்தது. அவர்கள் அந்த உராய்வையே கருவியாக்கினார்கள். மேலே சொன்ன காந்தக் குமிழி முறை, அதாவது காந்தப்பாய், அப்படி வந்ததுதான். 2016இல் பெராக்கிஸ், ஹைன் இருவரும் வேகமான கட்டத்தில் காந்தப்பாய், மெதுவான கட்டத்தில் மின்பாய் என்று இரண்டையும் சேர்த்தால் நேரம் மிச்சமாகும் என்று காட்டினார்கள். பொருத்தமான சேர்க்கை, ஏனென்றால் 5 சதவீத வேகத்தில் ஒவ்வொரு புரோட்டானிடமும் 10 லட்சம் எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் இருக்கும். 20,000 வோல்ட் கம்பி அவற்றை நிறுத்தாது.

வழியில் கலத்துக்கு மின்சாரம் எடுக்கலாமா?

எடுக்கலாம். இயற்கை தரும் இந்த வசதியை யாரும் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் கருத்து.

அதே 5 சதவீத வேகத்தில், 0.5 நானோடெஸ்லா புலத்துக்குக் குறுக்கே போகும் கம்பியில் மீட்டருக்கு 7.5 மில்லிவோல்ட் எழும். 1,000 கி.மீ. கம்பிக்கு 7,500 வோல்ட். 1 ஆம்பியர் எடுத்தால் 7.5 கிலோவாட். அதற்குக் கொடுக்கும் விலை அரை மில்லிநியூட்டன் தடுப்பு விசை. 40 டன் கலத்தில் இது நாற்பது ஆண்டு ஓடினாலும் குறையும் வேகம் வினாடிக்கு 16 மீட்டர்போல, 15,000 கி.மீ. வேகத்தில் அது கணக்கிலேயே வராது. வாயேஜரின் அணுமின்கலங்கள் 1977இல் 470 வாட் தந்தன, ஆண்டுக்கு 4 வாட் வீதம் மங்கிவருகின்றன. இங்கே கலம் ஓடும் வரை மின்சாரம் மங்காது.

இடைஞ்சல் கம்பியின் தடை. சாதாரண வெப்பநிலை அலுமினியத்தில் 1,000 கி.மீ. நீளத்துக்கு 1,000 ஓம் வேண்டுமென்றால் கம்பி ஏறத்தாழ 75 டன் ஆகிவிடும். விண்மீன் வெளியின் கடுங்குளிரில் தூய அலுமினியத்தின் தடை வெகுவாக இறங்கும், அல்லது மீக்கடத்தியே போடலாம். பிரேக்குக்குக் கொண்டுபோகும் வளையப் பொருளைப் பயண காலத்தில் இதற்கே பயன்படுத்த வழி இருக்கிறதா என்று பொறியாளர்கள் பார்க்க வேண்டும்.

திசை திருப்ப உதவுமா?

கலத்துக்கே மின்னூட்டம் ஏற்றினால் காந்தப்புலம் அதை வளைக்கும் என்று ராபர்ட் ஃபார்வர்டு 1964லேயே எழுதினார். 1 டன் கலத்தில் 1 கூலும் (மின்னூட்டத்தின் அலகு) ஏற்றி, 5 சதவீத வேகத்தில் விட்டால், அது வளையும் வட்டத்தின் ஆரம் 3,000 ஒளியாண்டுக்கு மேல். 100 மீட்டர் ஆரமுள்ள உருண்டையில் அந்த 1 கூலுமை ஏற்றவே 9 கோடி வோல்ட் வேண்டும். போதாக்குறைக்கு, சுற்றியுள்ள பிளாஸ்மா எதிர்மின்னூட்டத்தைக் கூட்டிவந்து அதை மறைக்கவும் பார்க்கும். சின்னத் திருத்தங்களுக்குக் காந்தப்பாயைச் சாய்ப்பதே மேல்.

சூரியனே வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் எரிகிறது, அதைத் தொட்டுவிட்டால் போதும் என்கிறார்களே?

தவறு. சூரியன் ஆற்றலை உமிழும் வீதம் 3.8 × 10²⁶ வாட். அளந்தறிந்த 300 கோடி ஆம்பியரால் அதைத் தரவேண்டுமானால் 10¹⁷ வோல்ட்டுக்கு மேல் அழுத்தம் வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் சூரியனை நோக்கிப் பாயும் பேராற்றல் துகள்களில் எந்தக் கலமும் பிழைத்திருக்காது. சூரியன் அணுப்பிணைவில்தான் எரிகிறது என்பதற்கு அந்தப் பிணைவில் பிறந்து வரும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களே சாட்சி. முதற்கட்டப் புரோட்டான் பிணைவின் நியூட்ரினோக்களை இத்தாலியின் போரெக்சினோ கருவி நேரடியாகப் பிடித்ததை 2014இல் அறிவித்தார்கள்.

இந்த விஷயத்தில் ஹன்னஸ் ஆல்வேன் பெயரை இழுப்பதும் வழக்கம். 1970இல் நோபல் பெற்ற அவர் விண்வெளி மின்னோட்டங்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். சூரியக் காற்றின் மின்சுற்றை வரைந்தவரும் அவரே. அவர் வரைந்த சுற்றுக்கு ஆற்றல் தருவது சூரியனின் சுழற்சி.

அவ்வளவு நீளக் கம்பி அறுந்து போகாதா?

ஒற்றைக் கம்பி அறும், தூசி பட்டாலே போதும். ஃபார்வர்டும் ராபர்ட் ஹோய்ட்டும் இதற்காகவே வலைபோலப் பின்னிய கம்பியை வடிவமைத்தார்கள். ஓரிழை அறுந்தால் பக்கத்து இழை தாங்கும். வளையத்தைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி: அதில் ஓடும் மின்னோட்டமே அதை வெளிப்பக்கம் தள்ளி வட்டமாக விறைக்க வைக்கும், தனிச் சட்டகம் வேண்டியதில்லை.

இன்று எது குறைகிறது?

முதலில் மீக்கடத்தி. என் வளையக் கணக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 10,000 ஆம்பியர் என்று எடுத்துக்கொள்கிறது. இன்றைய மீக்கடத்தி நாடாக்களில் உலோகத் தாங்கியையும் சேர்த்துப் பார்த்தால் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். அப்புறம், வழியில் பிளாஸ்மா எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு என்ற வரைபடம். 2025 செப்டம்பரில் நாசா ஏவிய ஐமேப் கலம் சூரியக் காற்றின் எல்லையைத் தொலைவிலிருந்து படமெடுக்கும். அதற்கு அப்பால் உள்ளதை அறிய வாயேஜர்களுக்குப் பின் இன்னொரு கலம் நேரில் போயாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட எளிதாகச் செய்யக்கூடியது ஒன்று பாக்கி இருக்கிறது. மின்பாய்க் கம்பியை உண்மையான சூரியக் காற்றில் இதுவரை யாரும் சோதிக்கவில்லை. எஸ்டோனியாவின் எஸ்ட்கியூப்-1 செயற்கைக்கோள் 2013இல் பூமியைச் சுற்றி வந்தபோது கம்பி சுற்றியிருந்த உருளை சுழலவில்லை. அடுத்ததான எஸ்ட்கியூப்-2 2023 அக்டோபரில் ராக்கெட்டிலிருந்து பிரியவே இல்லை. பூமியின் காந்தக்கோளத்துக்கு வெளியே போகும் ஏதாவது ஒரு கலத்தில் சில நூறு மீட்டர் கம்பியை ஏற்றி அனுப்பினால், மீட்டருக்கு 500 நானோநியூட்டன் என்ற அந்த எண் சரியா தவறா என்பது தெரிந்துவிடும்.